மூணு தொகுப்பு, ஒரு முழுத்தாள்: லாபத்தையும் ஆபத்தையும் சேர்த்து அளப்பது எப்படி

“பேங்க் டெபாசிட்டுல போட்ட காசு பன்னெண்டு வருஷத்துல ரெண்டு மடங்கு ஆயிருச்சு” என்றார் சித்தப்பா. “மூணு வருஷத்துல நாப்பது பர்சென்ட், அத்தை” என்றாள் அண்ணன் மகள். “இருபது வருஷம் முன்ன அஞ்சு லட்சத்துக்கு வாங்குன இடம், இன்னைக்கு இருபது லட்சம் போகுதுக்கா” என்றான் தம்பி. கொடுமுடிப் பக்கம் எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பிக்காகக் கூடியிருந்தோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்ததும் மூவரில் யாருடைய முதலீடு நல்லது என்று பேச்சு வந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 27 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன் என்பதால் தாளும் பேனாவும் என் கைக்கு வந்தன.

அன்று போட்ட கணக்கை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். ஒரு இடத்தில் வர்க்கமூலம் வரும், அதற்குப் போனில் கால்குலேட்டர் இருக்கிறது.

முதலில் மூன்று பேச்சையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். படியில் அளந்ததையும் கிலோவில் நிறுத்ததையும் அப்படியே ஒப்பிட முடியாதல்லவா? நமக்கு வேண்டியது, கூட்டு வட்டிக் கணக்கில் வருஷத்துக்கு எத்தனை சதவீதம் என்பதுதான். இரட்டிப்பான பணத்துக்கு எளிய வழி, 72ஐ வருஷத்தால் வகுப்பது. சித்தப்பாவுக்கு 72ஐ 12ஆல் வகுத்தால் 6 சதவீதம். தம்பியின் இடம் 5 லட்சம் 10 ஆகி, 10 லட்சம் 20 ஆகியிருக்கிறது. இருபது வருஷத்தில் இரண்டு இரட்டிப்பு, அதாவது பத்து வருஷத்துக்கு ஒன்று. ஆக 7.2 சதவீதம். நாலு மடங்கு என்று கேட்கும்போது இருந்த மலைப்பு அங்கேயே இறங்கிவிட்டது. பத்திரச் செலவையும் கம்பி வேலிச் செலவையும் கழித்தால் இன்னும் குறையும்.

அண்ணன் மகள் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மொத்தமாகப் போட்ட பணம் மூன்று வருஷத்தில் 40 சதவீதம் கூடியிருந்தால் அது வருஷத்துக்குச் சுமார் 12 சதவீதம். ஆனால் அவள் போட்டது எஸ்.ஐ.பி., அதாவது பங்கு ஃபண்டில் மாதாமாதம் ஒரு தொகையாகக் கட்டுவது. முதல் மாதப் பணம்தான் மூன்று வருஷம் வேலை செய்தது, கடைசி மாதப் பணம் ஒரு மாதம்தான் உள்ளே இருந்தது. அப்படியும் மொத்தத்தில் 40 சதவீதம் வந்திருக்கிறது என்றால் வருஷ வருமானம் கிட்டத்தட்ட 23 சதவீதம். இதை மனக்கணக்காகப் போட முடியாது. எக்செலில் ஒரு வரிசையில் தேதி, பக்கத்து வரிசையில் கட்டிய தொகை எல்லாவற்றையும் கழித்தல் குறியோடு, கடைசி வரியில் இன்றைய மதிப்பைக் குறியில்லாமல் போட்டு, எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். என்ற சூத்திரத்தைக் கொடுத்தால் விடை வந்துவிடும். சீட்டு கட்டுபவர்களும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எங்கள் பக்கம் ஏலச்சீட்டு இல்லாத குடும்பம் அபூர்வம், அதில் உண்மையில் எத்தனை சதவீதம் கிடைத்தது என்று பார்த்த குடும்பமும் அபூர்வம்.

23ஐப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப நாந்தானே ஜெயிச்சேன்?” சரி, கொஞ்சம் பொறு கண்ணு என்று சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பினேன்.

அடுத்த படி, ஒரே காலத்தை எடுத்துக்கொள்வது. ஒருவருக்கு மூன்று வருஷம், ஒருவருக்கு இருபது வருஷம் என்று வைத்து ஒப்பிட்டால் நாம் அளப்பது முதலீட்டை அல்ல, வாய்த்த காலத்தை. எனவே மாதிரிக்கு மூன்று தொகுப்பு போட்டேன். முதலாவது முழுக்க டெபாசிட், 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது முழுக்க நிஃப்டி குறியீட்டு ஃபண்ட், அதாவது நிஃப்டி பட்டியலில் உள்ள 50 பெரிய கம்பெனிகளின் பங்குகளை அப்படியே வாங்கி வைப்பது. நடுவில் இருப்பது இரண்டிலும் பாதிப் பாதி, வருஷம் முடிந்ததும் மறுபடி பாதிப் பாதியாகச் சமன் செய்துவிடுவது. ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம்.

நிஃப்டியின் 2008 முதல் 2012 வரையான ஐந்து வருஷத்தை எடுத்தேன். டிவிடெண்டு சேர்க்காமல், முழு எண்ணாக்கினால் 2008இல் 52 சதவீத இறக்கம், 2009இல் 76 ஏற்றம், 2010இல் 18 ஏற்றம், 2011இல் 25 இறக்கம், 2012இல் 28 ஏற்றம்.

இந்த ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 9 சதவீதம் வருகிறது. டெபாசிட்டை விட ஒரு சதவீதம் கூடுதல். இப்போது அதே எண்களில் உண்மையான பணத்தை விட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் முதல் வருஷம் 48,000 ஆகிறது. அது 76 சதவீதம் ஏறி 84,480. பிறகு 99,690, பிறகு 74,770, ஐந்தாம் வருஷக் கடைசியில் 95,700. சராசரி 9 சதவீதம் சம்பாதித்த பணம் போட்டதை விடக் குறைந்துவிட்டது! கணக்கு எழுதுகிறவளான நானே இதை முதல்முறை பார்த்தபோது மூன்று தடவை சரிபார்த்தேன். காரணம் எளிது. பாதி விழுந்தால் பழைய இடத்துக்கு வர 50 சதவீத ஏற்றம் போதாது, 100 சதவீதம் வேண்டும். அதனால் யாராவது ஃபண்டு விற்க வந்து ‘சராசரி வருமானம்’ என்றால், கூட்டு வருமானமா என்று கேளுங்கள்.

அதே ஐந்து வருஷத்தில் டெபாசிட் ஒரு லட்சம் 1,46,900 ஆனது. பாதிப் பாதித் தொகுப்பு 78,000க்கு இறங்கி, பிறகு ஏறி 1,35,100இல் முடிந்தது. இதிலே ஒன்று கவனியுங்கள். சமன் செய்யாமல் இரண்டையும் அப்படியே விட்டிருந்தால் 1,21,300தான் கிடைத்திருக்கும். 2008 கடைசியில், எல்லோரும் பயந்து ஓடிய நேரத்தில், டெபாசிட்டிலிருந்து எடுத்து நிஃப்டியில் போட்டதால்தான் மீதி 13,800இல் பெரும்பகுதி வந்தது. மறுபடி பாதியாக்கும் அந்த ஒரு நாள் வேலைக்குத்தான் இவ்வளவு மரியாதை.

சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் அடுத்த ஐந்து வருஷத்தையும் போட்டாக வேண்டும். 2013 முதல் 2017 வரை நிஃப்டி 7 ஏற்றம், 31 ஏற்றம், 4 இறக்கம், 3 ஏற்றம், 29 ஏற்றம். இப்போது முழு நிஃப்டி 1,78,800, பாதிப் பாதி 1,63,800, டெபாசிட் அதே 1,46,900. வரிசை அப்படியே தலைகீழ். ஒரே ஒரு காலத்தைக் காட்டி ‘இதுதான் நல்லது’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள் என்பதற்காகத்தான் இரண்டு காலத்தையும் போட்டேன். வசதி இருந்தால் ஜனவரியில் தொடங்கி ஐந்து வருஷம், பிப்ரவரியில் தொடங்கி ஐந்து வருஷம் என்று நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். இதற்கு ரோலிங் ரிட்டர்ன் என்று பெயர், ஃபண்டுகளை ஒப்பிடும் இணையதளங்களிலேயே கிடைக்கிறது. அதில் மிக உயர்ந்த எண்ணை விட்டுவிட்டு, மிகத் தாழ்ந்த எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ஆபத்தை எண்ணாக்கும் வேலை. பாடப்புத்தகத்தில் திட்ட விலக்கம் என்று படித்திருப்போம். முதல் ஐந்து வருஷத்தின் சராசரி 9. ஒவ்வொரு வருஷமும் அந்த 9லிருந்து எவ்வளவு விலகியது? 61 கீழே, 67 மேலே, 9 மேலே, 34 கீழே, 19 மேலே. ஒவ்வொன்றையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டினால் 9,808. ஐந்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 44. பாதிப் பாதித் தொகுப்புக்கு இது 22. இரண்டாம் ஐந்து வருஷத்தில் நிஃப்டிக்கு 14, பாதிப் பாதிக்கு 7. டெபாசிட்டுக்கு இரண்டிலும் பூஜ்யம். இந்த எண் பெரிதானால் பயணத்தில் குலுக்கல் அதிகம் என்று அர்த்தம்.

குலுக்கலுக்குத் தக்க கூலி கிடைத்ததா என்பதற்கு ஒரு வகுத்தல் இருக்கிறது. அமெரிக்காவின் வில்லியம் ஷார்ப் 1966இல் சொன்னது, ஷார்ப் விகிதம் என்பார்கள். சராசரி வருமானத்திலிருந்து, ஆபத்து இல்லாமலே கிடைத்திருக்கும் வருமானத்தைக் கழித்து, மீதியைத் திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். இரண்டாம் காலத்தில் நிஃப்டியின் சராசரி 13.2. அதில் 8ஐக் கழித்தால் 5.2, அதை 14.2ஆல் வகுத்தால் 0.37. முதல் காலத்தில் 9லிருந்து 8ஐக் கழித்து 44ஆல் வகுத்தால் 0.02, அதாவது அத்தனை குலுக்கலுக்கும் கூலியே இல்லை. பாதிப் பாதிக்கும் போட்டுப் பாருங்கள், அதே 0.37, அதே 0.02 வரும். டெபாசிட்டைக் கலப்பது குலுக்கலையும் கூலியையும் ஒரே அளவில் குறைக்கிறது, அவ்வளவுதான். விகிதம் கூட வேண்டுமானால், பங்கு இறங்கும்போது கூடவே இறங்காத இன்னொன்று தேவை.

அதற்குத்தான் தங்கம். 2008இல் நிஃப்டி பாதியானபோது ரூபாயில் தங்கம் ஏறியது. ஆனால் 2012இல் பத்து கிராம் 31,000 ரூபாய் அளவில் இருந்த சுத்தத் தங்கம் 2015இல் 26,000 அளவுக்கு வந்தது, நிஃப்டி ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில். தங்கம் இறங்காது என்று நம்பி வாங்க வேண்டாம், வேறு வேளையில் இறங்கும் என்பதற்காக வாங்கலாம். கழுத்தில் கிடக்கும் நகையை இதில் சேர்க்காதீர்கள். அவசரத்துக்குக்கூட அதை விற்க நமக்கு மனசு வராது, செய்கூலி, சேதாரமும் திரும்பி வராது.

இப்போது தம்பி. என்னைக் கேட்டால் அன்றைய தாளில் மிக ஆபத்தானது அவன் தொகுப்புதான், அவனுக்கே அது தெரியவில்லை. பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறான். தறிக்கூடத்தை ஒட்டித்தான் அந்த இடம். கையில் இருக்கும் பங்குகள் எல்லாம் மில் கம்பெனிகள், ‘நமக்குத் தெரிஞ்ச தொழில்’ என்று வாங்கியவை. சீட்டு கட்டுவதும் தறிக்காரர்களோடு. இடம், பங்கு, சீட்டு, தொழில் என்று நான்கு வரியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே ‘இது எதனால் அடி வாங்கும்?’ என்று கேட்டேன். நான்குக்கும் அவன் சொன்ன பதில் நூல் விலை.

இந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்டது 2011இல். எங்கள் அப்பா மஞ்சள் வெள்ளாமை செய்தவர். விரலி மஞ்சள் ஒன்றை எடுத்துக் காதருகே பிடித்து ஒடிப்பார். ‘டக்’ என்று கணீரென ஒடிந்தால்தான் காய்ந்தது என்று மூட்டை பிடிப்பார். 2010 கடைசியில் ஈரோட்டில் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது. 20,000 வரும் என்று எல்லோரும் சொல்ல, அப்பா 40 குவிண்டாலைக் குடோனில் வைத்துவிட்டார். அன்றைய விலைக்கு 6 லட்சம். 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. துணிக்குச் சாயம் போட வெளியூர் அனுப்ப வேண்டி வந்தது, ஆர்டர் குறைந்தது, ஐந்து மாதம் எனக்குப் பாதிச் சம்பளம். அந்த வருஷத் தொடக்கத்தில்தான் நிஃப்டி ஃபண்டில் 2 லட்சம் போட்டிருந்தேன். டிசம்பரில் அது 1,50,000. மஞ்சளும் அதற்குள் 5,000 அளவுக்கு வந்து, அப்பாவின் 6 லட்சம் 2 லட்சம் ஆனது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை என்று நினைத்திருந்த மூன்றும் ஒரே வருஷத்தில் படுத்துவிட்டன. என் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு அப்பா அந்த மஞ்சளை விற்றுத்தான் பணம் கொடுத்தார். குடோன் வாசலில் நின்று ஒரு விரலியை ஒடித்துப் பார்த்தார். அது கணீரென்றுதான் ஒடிந்தது.

அதனால் சம்பளம், தொழில், வீடு எல்லாவற்றையும் அந்தத் தாளில் எழுதுங்கள். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற நான் ஜவுளிப் பங்கு ஒன்றுகூட வைத்துக்கொள்வதில்லை.

இன்னொரு வரி சிவப்பு மையில். விலை தினமும் தெரியாதவற்றுக்கு விலக்கம் பூஜ்யம் என்று வரும், அது பொய். மாதாமாதம் வட்டி சொன்ன நாளில் வந்துகொண்டே இருக்கும், ஒரு நாள் எல்லாமே நின்றுபோகும். 2009இல் திருப்பூரில் அந்நியச் செலாவணி என்று சொல்லி வாங்கிய பணமும், 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்க்கக் கட்டிய பணமும் இப்படித்தான் போயின. எங்கள் சொந்தத்திலேயே ஈமு கொட்டகை போட்டவர்கள் உண்டு. அந்தக் கொட்டகையில் இன்று வெள்ளாடு கட்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்டவற்றுக்கு எந்த விகிதமும் போடாதீர்கள். ‘முழுசும் போனால் எவ்வளவு?’ என்று ரூபாயில் எழுதுங்கள். சீட்டு 1982 சட்டப்படி பதிவானதா என்று பாருங்கள். பேங்க் டெபாசிட்டுக்கும் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான். சித்தப்பா தன் 20 லட்சத்தையும் ஒரே வங்கியில் வைத்திருந்தார். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, ஃபண்டுகளின் மேல் போடச்சொல்லும் ரிஸ்கோமீட்டர் என்ற ஆபத்து மானி ஆறு நிலை காட்டும், நல்லதுதான். ஆனால் அது அந்த ஒரு ஃபண்டுக்கு மட்டும். உங்கள் மொத்தத் தொகுப்புக்கு மீட்டர் நீங்கள் போடும் இந்தத் தாள்தான்.

வருமான வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெபாசிட் வட்டி உங்கள் வருமான வரி விகிதத்திலேயே போகும். பங்கு ஃபண்டை ஒரு வருஷம் கழித்து விற்றால், 2024 ஜூலை 23 முதல், வருஷத்தில் 1,25,000 ரூபாய்க்கு மேல் வரும் லாபத்துக்கு 12.5 சதவீதம். ஒப்பிடும்போது வரி கழித்த எண்ணையே ஒப்பிடுங்கள்.

கடைசியாக, என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லா எண்ணையும் விட முக்கியமானது, உச்சியிலிருந்து பள்ளம் எவ்வளவு ஆழம், மேலே வர எவ்வளவு காலம் என்பது. 2008 ஜனவரியில் ஒரு நாள் நிஃப்டி உச்சமாக 6,288இல் முடிந்தது. அக்டோபர் 27 அன்று 2,524. 60 சதவீதம் போயிற்று. அந்தப் பழைய உயரத்தை 2010 நவம்பரில் தொட்டுவிட்டு மறுபடி வழுக்கி, 2013 கடைசியில்தான் அதை மீண்டும் எட்டியது. 2020இல் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் 23க்குள் 38 சதவீதம் விழுந்தது, ஆனால் நவம்பரிலேயே மீண்டது. எது வரும் என்று யாரும் சொல்ல முடியாது, அதனால் ஆழமானதையே வைத்துக் கணக்குப் போடுகிறேன். சதவீதத்தில் சொன்னால் மனசு வாங்கிக்கொள்ளாது, ரூபாயில் எழுத வேண்டும்.

அண்ணன் மகளிடம் இருப்பது 9 லட்சம். சரவணம்பட்டியில் வேலை, மூன்று வருஷத்தில் கோவையில் வீடு வாங்க வேண்டும் என்று ஆசை. “அட்வான்ஸ் கட்டுற மாசம் இது 3,60,000 ஆயிருந்தா என்ன பண்ணுவ?” அவள் வெகுநேரம் தாளையே பார்த்தாள். வீட்டு அட்வான்ஸுக்கான 4 லட்சத்தை டெபாசிட்டுக்கு மாற்றுவது, மீதி 5 லட்சமும் எஸ்.ஐ.பி.யும் அப்படியே ஓடட்டும் என்று முடிவானது. 27 வயசுக்கு அந்தக் குலுக்கலைத் தாங்க நேரம் இருக்கிறது. தம்பி மில் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்று, குறியீட்டு ஃபண்டுக்கும் தங்க ஃபண்டுக்கும் போகிறான். இடம் அப்படியே இருக்கும், அதைத் தொடச் சொல்ல எனக்கும் மனசில்லை.

சித்தப்பாவுக்கு ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவருடைய பணம் 12 வருஷத்தில் இரட்டிப்பானது. விலைவாசி வருஷம் 5 சதவீதம் ஏறினால் அதே 12 வருஷத்தில் 100 ரூபாய்ச் சாமான் 180 ரூபாய். மிஞ்சியது கொஞ்சம்தான். 20 லட்சத்தை நான்கு வங்கிகளுக்குப் பிரிப்பது, அதில் ஏழு வருஷத்துக்குத் தொடத் தேவையில்லாத 3 லட்சத்தை மட்டும் நிஃப்டி ஃபண்டில் போடுவது என்று பேசினோம். மோசமான வருஷம் வந்தால் அந்த மூன்றில் 1,80,000 காணாமல் போகும், போனாலும் விற்கக் கூடாது என்றேன். பேனாவை வாங்கி, தாளின் ஓரத்தில் “1,80,000 குறைந்தாலும் சம்மதம்” என்று தன் கையால் எழுதித் தேதி போட்டார். இந்தக் கடைசி வேலையை நீங்களும் உங்கள் கையாலேயே செய்யுங்கள், வேறு யாரையும் எழுத விடாதீர்கள். அந்தத் தாள் இப்போது அவர் வீட்டில் பஞ்சாங்கத்துக்குள் இருக்கிறது. சித்திரை பிறந்ததும் எடுத்து, பக்கத்திலேயே புதுத் தேதி போட்டு மறுபடி எழுதுவோம்.